வரிசையில் நின்ற அழைப்பு

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்குள் அவள் நுழைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நெட்வொர்க் இன்ஜினியர் அவள். காலையிலிருந்து ஆஸ்பத்திரியின் போன் அழைப்புகள் அத்தனையும், எரிந்துபோய் மூடிக் கிடக்கும் இந்த வார்டு வழியாகவே போய்க்கொண்டிருந்தன. நெரிசல் இல்லாத வழியைத் தானே தேடி அழைப்புகளைத் திருப்பிவிடும் ஏற்பாடு ஒன்று ஆஸ்பத்திரியில் இருந்தது. அவளும் கணவனும் சேர்ந்து உருவாக்கியது. ஆனால் இங்கே கரண்டே கிடையாதே!

இந்த வார்டில்தான் அவள் தங்கை நர்ஸாக இருந்தாள். போன வருஷம் தீப்பிடித்தபோது நோயாளிகளை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, அவள் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டு செத்துப்போனாள்.

"நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல? நீ எதுக்கு வந்த?" பின்னாலேயே ஓடிவந்த கணவனுக்கு மூச்சிரைத்தது.

"செத்த லைன்ல எப்படிங்க அழைப்பு போகுது?"

"வா, போலாம்," என்று அவன் வாசலைப் பார்த்தான்.

ஈரக் கரியின் நாற்றம் நெஞ்சை அடைத்தது. சுவரோரம், அழைப்புகளைத் திருப்பிவிடும் ரூட்டர் பெட்டி உருகி, மெழுகாக வழிந்து உறைந்திருந்தது.

அதில் பச்சை விளக்கு ஒன்று சிமிட்டியது.

மேசையில் கருகிக் கிடந்த போன் அடித்தது. அதற்கு ஒயரே இல்லை.

ரிசீவரை எடுத்தாள். முதலில் இருமல். பிறகு, கிசுகிசுப்பாக:

"மாமா... லைன் கெடைக்கல மாமா. வழிய விடுங்க..."

தங்கையின் குரல்.

திரும்பிப் பார்த்தாள். கணவனின் முகத்தில் ஈயாடவில்லை.

"லைன்தான் மொதல்ல எரிஞ்சுது, அதான் அவளால கூப்பிட முடியலன்னு சொன்னீங்களே?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரி டைரக்டர் நம்ம சிஸ்டத்தப் பெரிய ஆளுங்களுக்குக் காட்டிட்டிருந்தாரு. வீடியோ திக்கித் திக்கி வந்துச்சு. அதுக்கு மட்டும் வழிய விட்டுட்டு, போன் எல்லாத்தையும் வரிசைல கடைசிக்குத் தள்ளிட்டேன். கொஞ்ச நேரம்தானேன்னு..."

"அவ கூப்பிட்டது தெரியுமா?"

"இந்த வார்டுலேர்ந்து திரும்பத் திரும்ப வந்துச்சு. பாத்தேன்." அவன் தலை குனிந்தது. "பாத்துட்டு விட்டுட்டேன்."

தங்கையின் உடலருகே, இவள் தோளைத் தாங்கிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதவன். ஒரு வருஷமாகக் கூடவே இருந்து கழுத்தறுத்திருக்கிறான்.

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

படீரென்று பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே அவன் தட்டினான். அவளைக் கூப்பிட்டான். திரும்பி வந்து தள்ளினாள், அசையவில்லை. அந்தக் கதவில் தாழ்ப்பாளே கிடையாது.

கதவிடுக்கில் புகை கசிந்தது.

எவ்வளவு வெறுத்தாலும் மனசு கேட்கவில்லை. செல்போனை எடுத்து ஆஸ்பத்திரியின் தீயணைப்பு அறைக்கு அடித்தாள். ரிங் போனது. யாரோ எடுத்தார்கள்.

"சீக்கிரம் வாங்க! பழைய வார்டுல—"

மறுமுனையில் ஒரு இருமல்.

"பதறாதக்கா," என்றது குரல், மெதுவாக. "மாமா வரிசைல நிக்கட்டும்."