அந்தப் பக்கத்துக்காரர்கள்

முதலில் குடியிருப்புச் சங்கச் செயலாளர் மாமாவின் நீலத் துண்டு காணாமல் போனது. பிறகு டியூஷன் டீச்சரின் பூப்போட்ட படுக்கை விரிப்பு. கடைசியாகக் கேமராவின் பச்சை ஜெர்சி.

எல்லாமே மொட்டை மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தவை. எல்லாமே மழை நாளில் காணாமல் போனவை.

கேமரா என்பது ஒரு சிறுமி. ஐந்தாம் வகுப்பு. அவள் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்பதால் அப்பா வைத்த பட்டப்பெயர் அது.

"நான் அன்னைக்கே சொன்னேன். யாராவது காது கொடுத்துக் கேட்டீங்களா?" என்றார் செயலாளர் மாமா. படிக்கட்டில் நின்று, மூன்றாம் மாடியைக் கண்ணால் காட்டினார். "பாலத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து வந்தவங்களுக்கு வீடு கொடுத்தா இப்படித்தான்."

ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஓர் இரும்புப் பாலம் இருந்தது. அது ஊரை இரண்டாகப் பிரித்தது. 'அந்தப் பக்கம்' என்று சொல்லும்போது பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

கேமராவின் அப்பா பஸ் ஓட்டுநர். தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டுபவர்.

"பஸ் பாலம் ஏறினதும் கண்ணாடியில பார்ப்பேன். எல்லாரும் பையைத் தூக்கி மடியில வச்சுப்பாங்க" என்பார் அவர்.

மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்தவர்கள் மூன்று பேர். அப்பா வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். அம்மாவுக்கு ரொட்டிக் கடையில் காலை வேலை. மகளும் ஐந்தாம் வகுப்புதான். வகுப்பில் கேமராவுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சனிக்கிழமை மதியம் வானம் இருட்டியது. "கேமரா, ஓடிப்போய்த் துணியை எடுத்துட்டு வாடி!" என்று அம்மா கத்தினாள்.

கேமரா மாடிக் கதவை அடைவதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ரொட்டிக் கடை அத்தை!

அத்தையின் தோளில் கேமராவின் அப்பாவுடைய காக்கிச் சட்டை. கையில் டீச்சரின் தலையணை உறைகள். பரபரவென்று கிளிப்புகளைக் கழற்றினார். துணியெல்லாம் சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடி மறைந்தார்.

கேமரா திரும்பி ஓடினாள். இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினாள். செயலாளர் மாமாவின் மேல்தான் போய் மோதினாள். பார்த்ததை மூச்சு வாங்கச் சொன்னாள்.

"கையும் களவுமாப் பார்த்துட்டியா!" என்றார் மாமா. அவர் முகம் பிரகாசமானது. "நாளைக்குக் காலையில கூட்டம் போடறேன். வீட்டுச் சொந்தக்காரரையும் வரச் சொல்றேன். நீ பார்த்ததை மட்டும் சொல்லு, போதும். நாளைக்கே காலி பண்ண வச்சிடலாம்."

"நான் சொன்னா அவங்க வீட்டை விட்டுப் போயிடணுமா, மாமா?"

"பின்னே? சாட்சி நீதானே!"

அன்று மாலை கேமராவுக்கு எதிலும் மனம் ஓடவில்லை. பார்த்ததை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். மழை. அத்தை. காக்கிச் சட்டை. கொடி.

கொடி!

அத்தை ஓடியபோது கடைசிக் கொடியில் இன்னும் துணி தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புக் கறை படிந்த, தீப்பொறி பட்டு ஓட்டை விழுந்த பட்டறைச் சட்டை. பக்கத்தில் ஒரு பள்ளிச் சீருடை. இரண்டிலும் நீர் சொட்டியது.

"அம்மா, திருடறவங்க தன் துணியை நனைய விட்டுட்டு அடுத்தவங்க துணியை எடுப்பாங்களா?"

"அவசரத்துல மறந்திருப்பாங்க. சாப்பிடு."

கேமராவுக்கு அந்தப் பதில் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் காலை கீழே கூட்டத்துக்கு நாற்காலி போடும் சத்தம் கேட்டது. கேமரா யாரிடமும் சொல்லாமல் மூன்றாம் மாடிக்கு ஏறினாள். கதவைத் தட்டினாள்.

உள்ளே ஒரு தாழ்ப்பாள் சத்தம். இன்னொரு தாழ்ப்பாள். சங்கிலி மாட்டியபடியே கதவு கொஞ்சம் திறந்தது. இடைவெளியில் பின் பெஞ்சுப் பெண்ணின் ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன.

"என்ன வேணும்?"

"உங்க அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும். கதவைத் திறயேன்."

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. யார் வந்தாலும் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நான்தான்! உன் முன் பெஞ்சு!"

"தெரியும். ஆனா நீ அந்தப் பக்கத்துக்காரி ஆச்சே."

கேமரா திகைத்தாள். "நானா? நீதான் அந்தப் பக்கம்!"

"எங்களுக்கு நீங்கதான் அந்தப் பக்கம். பாலம் இறங்கினதும் பையை இறுக்கிப் பிடிச்சுக்கணும்னு எங்க அப்பா சொல்லியிருக்காரு" என்றது பாதி மூக்கு.

கேமராவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். "சரி, திறக்காதே. இப்படியே சொல்லு. என் பச்சை ஜெர்சி எங்கே?"

"அலமாரியில."

"எந்த அலமாரியில?"

"மாடியில. தொட்டிக்குப் பின்னாடி ஒரு அறை இருக்குல்ல, அதுல. ஏன் நீங்க யாருமே எடுத்துக்கல? 'இவங்ககிட்ட எவ்வளவு துணி இருக்கும் பாரு, காணோம்னு தேடக்கூட மாட்டேங்கறாங்க'ன்னு அம்மா தினமும் சொல்லிட்டு இருக்காங்க."

தொட்டிக்குப் பின்னால் இருந்தது உடைந்த சாமான்கள் போடும் அறை. எலி இருக்கும் என்று அங்கே யாரும் போவதில்லை.

"அங்கே ஏன் வச்சீங்க?"

"எங்க பழைய இடத்துல அப்படித்தான். மழை வந்தா, முதல்ல பார்க்கறவங்க எல்லார் துணியையும் எடுத்து மாடி அலமாரியில வச்சிடுவாங்க. அவங்க துணியைக் கடைசியாத்தான் எடுக்கணும். அப்புறம் அவங்கவங்க வந்து எடுத்துப்பாங்க."

"வீட்டுல வந்து கொடுத்திருக்கலாமே!"

கதவு கொஞ்சம் மூடியது. பிறகு மெதுவாகக் குரல் வந்தது. "வந்த அன்னைக்கு, தண்ணி எப்போ வரும்னு கேக்க அம்மா செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினாங்க. கதவு ஓட்டையில ஒரு கண்ணு தெரிஞ்சது. கதவு திறக்கல. இந்தப் பக்கம் கதவைத் தட்டினாப் பிடிக்காது போலன்னு அம்மா திரும்பி வந்துட்டாங்க."

கேமரா இடைவெளியில் முகத்தை வைத்தாள். "நீயும் வா. கீழே எல்லாரும் உங்களைப் பத்தித்தான் பேசப் போறாங்க" என்றாள்.

சங்கிலி கழன்றது.

கீழே கூட்டம் தொடங்கியிருந்தது. செயலாளர் மாமா தொண்டையைச் செருமினார். "வாம்மா சாட்சி! நீ பார்த்ததைச் சொல்லு." பக்கத்தில் நின்ற சிறுமியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"சொல்ல மாட்டேன், மாமா. காட்டறேன். எல்லாரும் மாடிக்கு வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் ஏறினார்கள். சாமான் அறை பெருக்கிச் சுத்தமாக இருந்தது. பழைய மர அலமாரியைக் கேமரா திறந்தாள்.

உள்ளே துணிகள் மடித்து, வீட்டுக்கு ஒரு கட்டாக அடுக்கியிருந்தன. அவரவர் கிளிப்புகளும் மேலேயே இருந்தன. பூப்போட்ட விரிப்பு. காக்கிச் சட்டை. பச்சை ஜெர்சி. நீலத் துண்டின் மேல், யானைப் படம் போட்ட ஓர் அரைக்கால் சட்டை.

"இது யாரோடது?" என்று டீச்சர் எடுத்துப் பார்த்தார்.

செயலாளர் மாமா சட்டென்று அதைப் பிடுங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

கேமரா நடந்ததைச் சொன்னாள். கதவு ஓட்டையில் தெரிந்த கண்ணைப் பற்றியும் சொன்னாள். ஒவ்வொருவரும் தங்கள் கட்டை எடுத்துக்கொண்டார்கள். மாமா மட்டும் தன் கிளிப்புகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதுவே அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் போல் தெரிந்தது.

"பாலத்துல திரும்பி வரும்போது அந்தப் பக்கத்துல ஏறினவங்களும் பையை மடியிலதான் வச்சுப்பாங்க" என்றார் அப்பா மெதுவாக. "அது யாருக்குப் பயந்துன்னு நான் யோசிக்கவே இல்ல."

மறுநாள் மாலை மீண்டும் மழை பிடித்தது. கேமரா மாடிக்கு ஓடினாள். அவளுக்கு முன்பே செயலாளர் மாமா அங்கே நின்றிருந்தார். கடைசிக் கொடியிலிருந்து கறுப்புக் கறை படிந்த பட்டறைச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய துணிகள் முதல் கொடியில் நனைந்துகொண்டிருந்தன.

"அலமாரியில வச்சிடட்டுமா, மாமா?"

"வேண்டாம்" என்றார் அவர்.

மூன்றாம் மாடிக் கதவின் முன் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். பிறகு தட்டினார். உள்ளே ஒரு தாழ்ப்பாள் சத்தம். இன்னொரு தாழ்ப்பாள். சங்கிலி இடைவெளியில் ரொட்டிக் கடை அத்தையின் கண் தெரிந்தது. சந்தேகமாகப் பார்த்தது.

"யாரு?"

"உங்க துணிங்க" என்றார் மாமா. "அப்புறம்… தண்ணி காலையில ஆறு மணிக்கு வரும்."