பாசிக்குள்ளிருந்து இரண்டு இழுப்பு

தூண்டில் நரம்பு சுத்தமாக வந்தது. வந்திருக்கக் கூடாது.

கரையோரத்தில் அலை பழுப்பு நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. பெருங்காற்று அடித்து ஓய்ந்தபின் கடல் தன் அடியிலிருந்து பிய்த்தெறிந்த பாசி, நாடா நாடாவாகவும் முடிக்கற்றை போலவும், முழங்கால் ஆழத்திலிருந்து இரண்டாவது அலை உடைகிற இடம் வரைக்கும் ஊறிக் கிடந்து, அழுகின தோலும் துருவும் கலந்த ஒரு வாடையைக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீரில் தூண்டில் போட்டு இழுத்தால் ஈயக்குண்டும் தெரியாது, கொக்கியும் தெரியாது, ஈரச் சாக்கு மாதிரி ஒரு மூட்டைதான் வரும். ஆனால் அங்கே தூண்டில் போட்டு நின்ற வெல்டரின் நரம்பில் ஓர் இழை கூட இல்லை.

"எனக்கு மட்டும் வைக்கப்போரு வருது," என்றார் சற்றுத் தள்ளி நின்ற தூண்டில் புழுக்கடைக்காரர். கொக்கியிலிருந்து பாசியை அள்ளி அள்ளி மணலில் எறிந்துகொண்டிருந்தார். "நீ என்னப்பா, கடலுக்கு மொட்டை அடிச்சிட்டியா?"

"பாசி இல்லாத சந்து பாத்து வீசினேன்."

அது பொய். அடர்த்தியான இடம் பார்த்துத்தான் வீசியிருந்தான். அவன் மீனுக்கு வரவில்லை. புழு வெறும் சாக்குப்போக்கு. அதற்குப் பின்னால் தொங்கிய மூன்று முனைக் கொக்கியை, படகுப் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மிஞ்சிய கம்பித் துண்டுகளைப் பற்றவைத்து அவனே செய்திருந்தான். துணியைக் கிழிக்காமல் மாட்டுகிற மாதிரி முனைகளை மழுக்கியிருந்தான்.

மனைவியின் தம்பி இங்கேதான் போனான். மூட்டை தூக்குகிறவன், உடம்பைப் பார்த்து எல்லோரும் குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பாசிக் காலத்தில் மாமனும் மச்சினனும் ஜோடியாக நிற்பார்கள். தண்ணீருக்குள் நரம்பு எவ்வளவு குறைவாகக் கிடக்கிறதோ அவ்வளவு குறைவாகத்தான் பாசி ஏறும் என்பதால், வெல்டர் மணலில் நின்று கம்பை வானத்துக்கு நிமிர்த்திப் பிடிப்பான். குச்சி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வருகிற நரம்பை விரல்களுக்கு நடுவே விட்டுப் பாசியை உருவிப் போடுவான். உருவிப் போடாவிட்டால் அது குண்டு கட்டிய முடிச்சில் போய்க் குவிந்து, கம்பு நுனி வளையத்தில் அடைத்துக்கொள்ளும். அலைச் சத்தத்தில் கத்தினால் கேட்காது. அதனால் நரம்பை ஒரு தரம் சுண்டி இழுத்தால் 'நில்லு, பாசி இருக்கு'. இரண்டு தரம் இழுத்தால் 'சுத்தம், வாங்கு', அதாவது சுற்றி இழு.

இன்னொன்றும் உண்டு. உயிரில்லாத கனம் ஒன்று வந்து தொங்கினால் அது பாசி. இழுக்கக் கூடாது. கம்பைத் தாழ்த்தி நரம்பைத் தளர்த்திவிட வேண்டும். அலை தானாகவே அதைக் கழற்றிக்கொண்டு போகும். இதெல்லாம் வெல்டர் யோசித்துச் செய்வதில்லை. வெல்டிங் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்குகிற மாதிரி, கை தானாகச் செய்யும்.

போன மாதம் ஓர் அலை தலைக்கு மேல் வந்தது. பாசிப் பாய் ஒன்று காலைச் சுற்றியது. ஒரு கை தெரிந்தது. அப்புறம் பழுப்பு. உடல் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டு வாசல் கதவு, அவன் திரும்பி வருவான் என்று, தாழ்ப்பாள் போடாமல் கிடந்தது. மனைவி லாண்டரியில் விடுதிப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறவள். வேலை முடிந்து வந்ததும் தம்பியின் நீலச் சட்டையை, அழுக்கே ஆகாத சட்டையை, மறுபடி துவைத்து மறுபடி தேய்த்துக் கதவில் மாட்டுவாள். சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. "அவன் போட்டிருந்த துணியில ஒரு துண்டு கொண்டாங்க, நம்பிடறேன்," என்றாள். அந்தத் துண்டுக்காகத்தான் தினமும் பட்டறையிலிருந்து நேரே இங்கே வந்தான். தம்பி போய்விட்டான். இவளாவது மிஞ்ச வேண்டும்.

மறுபடி வீசினான். குண்டு பாசிக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. வெயில் சாய்ந்துவிட்டது. கம்பை நிமிர்த்தி மெதுவாக வாங்கினான்.

சுத்தம்.

இன்னொரு தரம். இன்னும் அடர்த்தியான இடத்தில்.

சுத்தம். ஈரம் மட்டும். திரும்பவும் வீசினான்.

புழுக்கடைக்காரர் தன் நரம்பைச் சுற்றி முடித்திருந்தார். முகத்தில் கேலி இல்லை.

"ஏம்ப்பா, நரம்பு தண்ணிக்குள்ள இறங்குற எடத்தப் பாரு."

பார்த்தான். நரம்பின் ஓட்டத்துக்குப் பாசி விலகிக்கொண்டிருந்தது. ஒரு பக்கமாக. ஈர முடியை ஒரு கை ஒதுக்கிவிடுகிற மாதிரி.

"நீரோட்டம்," என்றான் வெல்டர்.

"நீரோட்டம்னா என் பக்கமும் ஓடணுமில்ல?" வாளியை எடுத்துக்கொண்டார். "அறுத்து விட்டுட்டு வந்துடு, ராசா. நான் ரோட்டுல நிக்கிறேன்."

அவன் போகவில்லை. கத்தி இடுப்பில்தான் இருந்தது. தொடவில்லை. அவர் டார்ச் வெளிச்சம் மணல்மேட்டைத் தாண்டி மறைந்ததும், அலைக்கும் அலைக்கும் நடுவில் இன்னொரு சத்தம் கேட்டது. பாசியை விரலால் உருவினால் வருமே, வழவழவென்று, கீச்சென்று ஒரு சத்தம். அது.

"ஏங்க."

திடுக்கிட்டுத் திரும்பினான். மனைவி. லாண்டரி ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். சூடான துணி வாடை அவளோடு வந்தது. கையில் நீலச் சட்டை, மடிப்புக் கலையாமல்.

"இங்க எதுக்கு வந்த?"

"குளிருமில்ல அவனுக்கு."

"வீட்டுக்குப் போகலாம், வா."

கம்பு நுனி தலையாட்டியது. ஒன்று. இரண்டு.

அவள் பார்த்துவிட்டாள். எத்தனையோ சாயங்காலம் இதே மணலில் உட்கார்ந்து அந்த நுனியைப் பார்த்தவள்.

"ரெண்டு," என்றாள்.

"மீனு."

"மீனுக்கு எண்ணத் தெரியுமா?"

பதில் சொல்வதற்குள் இறங்கிவிட்டாள். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, நரம்பை இடது கையால் பற்றி, அதையே கைப்பிடிக் கயிறாக வைத்துக்கொண்டு நடந்தாள். கணுக்கால். முழங்கால். பாசி அவளுக்கும் விலகி வழிவிட்டது.

"ஏய், நில்லு! கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? வா இங்க!"

அவன் பின்னால் ஓடினான். அவனுக்கு மட்டும் பாசி விலகவில்லை. காலைச் சுற்றியது. முழங்காலைக் கட்டியது. கம்பைப் போட்டுவிட்டு நீந்தலாம். ஆனால் அவள் பிடித்திருப்பது இந்த நரம்பைத்தான். மறுமுனை அவன் கையில். போட்டால் அவளுக்குப் பிடிமானம் இல்லை.

இடுப்பளவில் நின்று அவள் சிரித்தாள். ஒரு மாதமாகக் கேட்காத சிரிப்பு.

"கை என்னடா இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

அவனிடம் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்.

"விடாத! நரம்ப ரெண்டு கையாலயும் பிடி! நான் இழுக்கறேன்! பிடிச்சுக்கோ!" என்று கத்தினான் வெல்டர்.

பிடித்தாள். நிஜமாகவே இரண்டு கையாலும் பிடித்தாள். கம்பு வளைந்தது. அவள் உடம்பு கரைப் பக்கம் ஓரடி நகர்ந்தது. இன்னும் ஓரடி. வந்துவிடுவாள். முகம் அவன் பக்கம் திரும்பியது. சிரிப்புப் போய், எங்கே நிற்கிறோம் என்று தெரிந்த முகம். "ஏங்க..."

அலை.

தலைக்கு மேல் பழுப்புச் சுவர். உப்பு. இருட்டு. காதுக்குள் இரைச்சல். நரம்பின் முனையில் ஒரு கனம் வந்து தொங்கியது. உதறவில்லை. துடிக்கவில்லை. உயிரில்லாத கனம்.

கை கம்பைத் தாழ்த்தியது.

கை நரம்பைத் தளர்த்தியது.

அவன் தாழ்த்தவில்லை. கைதான். இத்தனை வருஷப் பழக்கம்.

அலை கடந்தது. கனம் இல்லை. அவள் நின்ற இடத்தில் பாசி மூடியிருந்தது, துளை இல்லாமல், மடிப்பு இல்லாமல், விரித்துப் போட்ட துணி போல. நீலச் சட்டை மட்டும் அதன் மேல் கிடந்தது. பிறகு அதுவும் கீழே போனது. மூழ்கவில்லை. உள்ளிருந்து வாங்கிக்கொண்ட மாதிரி போனது.

கத்தினான்.

கம்பு நுனி அசைந்தது.

ஒன்று. இரண்டு. அழுத்தமாக, பழகின கை.

சற்று நேரம் கடல் மட்டும்.

பிறகு இன்னொரு கை. தயக்கமாக. வேலைக்குப் புதுசு மாதிரி.

ஒன்று.

இரண்டு.

கை ரீலைச் சுற்றத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை. நரம்பு வந்துகொண்டே இருந்தது, ஓர் இழை பாசி இல்லாமல். அது வருகிற வழியில், இப்போது இரண்டு பக்கமும், வகிடு எடுத்த மாதிரி, பாசி விலகியது, அந்தப் பிளவு அவனை நோக்கி நீண்டுகொண்டே வந்தது.