கௌராமி மட்டும் ஏன் சாகவில்லை?

விடிந்தும் விடியாததுமாக நந்தகுமார் போட்ட கூச்சலில் பக்கத்து வயலில் நின்ற கொக்குகள் பறந்துவிட்டன. உத்திரமேரூருக்கு வெளியே, ஏரிக்கால்வாயை ஒட்டி அவன் கட்டியிருந்த பெரிய சிமென்ட் தொட்டியில் தங்கமீன்கள் அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்தன. எல்லாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தாய்மீன்கள். சென்னைக்கு அவன் அனுப்பும் குஞ்சுகள் எல்லாம் இவற்றின் வயிற்றில் பிறந்தவைதான்.

சப்-இன்ஸ்பெக்டர் ஏலவார்குழலி, ஏட்டு வேதகிரியோடு வந்து இறங்கியபோது வேலி ஓரமாகப் பாதி ஊர் நின்றிருந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? குற்றவாளியை அவர்களே முடிவு செய்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்திருந்தார்கள். அடுத்த வயல்காரர் சின்னராசு. நந்தகுமாரின் மனைவி கனகாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன். அவர் சட்டை தோளில் கிழிந்திருந்தது. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

"இவருதான் மேடம்," என்றான் நந்தகுமார். "நேத்து சாயந்திரம் நெல்லுக்கு மருந்து அடிச்சிக்கினு இருந்தாரு. மிச்சத்த என் தொட்டில ஊத்திட்டாரு. தூக்கி உள்ள வைங்க."

"மச்சானுக்கு உன்மேல இன்னா கோவம்?"

"மீனுக்கு ஒடம்பு சரியில்லன்னு தொட்டில உப்பு போட்டேன். அந்தத் தண்ணி வடிஞ்சி இவரு பயிரு கருகிடுச்சாம். போன வாரம் வெட்டுவேன் குத்துவேன்னு நின்னாரு."

"மீனுக்கு இன்னா ஒடம்புக்கு?"

"வெள்ளப்புள்ளி மேடம். ஒட்டுண்ணி. தோல்மேல உப்புத்தூள் தூவின மாதிரி கீது பாருங்க. செவுளுக்குள்ளயும் பூந்துக்கும். மீன் ஒடம்புல ஒட்டிக்கினு கீற வரைக்கும் அத ஒண்ணும் பண்ண முடியாது. மீன விட்டுத் தண்ணிக்கு வரும்போதுதான் உப்பும் மருந்தும் அத சாகடிக்கும். அதுவரைக்கும் பொறுக்கணும். தேறிக்கினுதான் இருந்துச்சு மேடம்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மனிதர்களுக்காக அவன் அழுது ஊரில் யாரும் பார்த்ததில்லை.

ஏலவார்குழலி சின்னராசுவிடம் போனாள்.

"நேத்து தொட்டிகிட்ட வந்தீங்களா?"

"இல்ல."

"வேற யாராவது வந்தத பாத்தீங்களா?"

அவர் பார்வை ஒருமுறை வீட்டு வாசலுக்குப் போய், சட்டென்று தரைக்குத் திரும்பியது.

"பேசாம இருந்தா பழி உங்க மேலதான் வுழும்."

"வுழட்டும்மா."

திருடன்கூட இரண்டு சத்தியமாவது செய்து பார்ப்பான். இந்த மனிதர் கேஸைத் தலையில் கட்டிக்கொள்ள அவசரப்பட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

தொட்டியைச் சுற்றி நடந்தாள். தண்ணீர் அரிசி களைந்த நீரைப் போல வெளுத்துக் கலங்கியிருந்தது. நத்தைகள் நீரை விட்டு மேலேறிச் சுவரில் ஒட்டியிருந்தன. நீர்மட்டத்தில் நெட்டைக்கால் பூச்சிகள் இரண்டு சறுக்கி ஓடின. தொட்டி விளிம்பின் ஒரு மூலையில் எறும்புகள் மொய்த்துக் கிடந்தன. செத்த மீன்களுக்கு நடுவே சாம்பல் நிற மீன்கள் சில மேலே வந்து வாயைத் திறந்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல உள்ளே போயின.

"இதுங்க மட்டும் எப்படி பொழச்சுது?"

"அது கௌராமி மேடம். மேல வந்து வெளிக்காத்தையும் குடிக்கும்."

"தங்கமீனு?"

"தண்ணில கரைஞ்சி கீற காத்துதான் அதுக்கு."

கனகா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஒரு வாய் குடித்த நந்தகுமார் முறைத்தான்.

"இன்னா டீ இது? வெல்லம் போடல?"

"தீந்துபோச்சு. சக்கர போட்டேன்."

"முந்தாநேத்துதான பை நெறைய வாங்கியாந்தேன்?"

கனகா வேகமாக வீட்டுக்குத் திரும்பினாள்.

"நில்லு கனகா," என்றாள் ஏலவார்குழலி. "ஏட்டய்யா, சின்னராச இங்க கூப்புடுங்க."

சின்னராசு வந்து நின்றதும் அவள் நந்தகுமாரைப் பார்த்துப் பேசினாள்.

"பூச்சிமருந்து ஊத்தியிருந்தா மொதல்ல சாவறது பூச்சி. அது தண்ணிமேல ஓடிக்கினு கீது. விஷம்னா கௌராமியும் மிஞ்சாது. வெளிக்காத்து குடிக்கறதெல்லாம் உசுரோட கீது, தண்ணிக்குள்ள மூச்சு விடறது மட்டும் செத்துப்போச்சு. அப்போ இது விஷம் இல்ல. ராத்திரியோட ராத்திரியா தண்ணில காத்து தீந்துபோச்சு. இனிப்பு வுழுந்தா கிருமி பெருகும், தண்ணி வெளுக்கும், கீற காத்தையெல்லாம் அது இழுத்துக்கும். ஏற்கெனவே ஒட்டுண்ணி செவுள அரிச்ச மீனு, எப்படித் தாங்கும்? சிமென்ட் தொட்டில எறும்புக்கு வேற இன்னா வேல?"

அவள் கனகா பக்கம் திரும்பினாள்.

"எனக்குச் சின்ன வயசுல கையெல்லாம் மரு. அது கரையணும்னு வேண்டிக்கினு எங்கம்மா கோயில் குளத்துல உப்பும் வெல்லமும் கரைச்சாங்க. நீ எதுக்கு கரைச்ச?"

கனகா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "ஒடம்பெல்லாம் வெள்ள வெள்ளயா கீதேன்னு வேண்டிக்கினேன் மேடம். உப்பு இவரே போட்டுட்டாரு, வெல்லம்தான் பாக்கின்னு தோணுச்சு. கோயில் குளத்துல கரைக்கணும்தான். மீனுக்குத் தொட்டிதான குளம்னு இதுலயே கரைச்சிட்டேன். பொழைக்கணும்னுதான் செஞ்சேன்."

"அறிவுகெட்டவளே! இன்னா காரியம்டி பண்ண!" நந்தகுமார் கையை ஓங்கிப் பாய்ந்தான். வேதகிரி குறுக்கே நின்றார்.

சின்னராசு தங்கையை விழித்துப் பார்த்தார். "வெல்லமா? இருட்டற நேரத்துல நீ கொட்டறத பாத்தேம்மா. விஷம்னு நெனைச்சிட்டேன்."

"நானா? நான் எதுக்குண்ணா விஷம் வைக்கப்போறேன்?"

அவர் நந்தகுமாரைக் கையால் காட்டினார். "அம்மா ஆஸ்பத்திரில இழுத்துக்கினு கெடந்தப்போ, மீனுக்குத் தண்ணி மாத்தணும்னு இவன் உன்ன அனுப்பல. நீ வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. நானா இருந்தா அன்னிக்கே ஊத்தியிருப்பேன். அதான், நீ ஊத்தினது எனக்குத் தப்பாவே தெரியல."

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். வேலி ஓரத்தில் அன்று அது தானாகவே மூடிக்கொண்டது.

கனகா புருஷனைப் பார்த்தாள். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் செத்த மீன் ஒன்றைக் கையில் எடுத்து அதன் செவுளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். புகாரை வாபஸ் வாங்குகிறாயா என்று ஏலவார்குழலி கேட்டதற்கும் சரி என்று தலையை மட்டும் ஆட்டினான்.

கனகா போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒன்றும் எடுக்கவில்லை.

"இருண்ணா. நானும் வரேன்."

அப்போதுதான் நந்தகுமார் நிமிர்ந்தான். "நீ போயிட்டா மிச்ச மீனுக்கு யாரு தண்ணி மாத்தறது?"

அவள் அண்ணன் பின்னால் வரப்பில் இறங்கிவிட்டாள்.