ஒரு நூல் விலகல்

திரையில் விழுந்த ராஜபாண்டியனின் நிழலுக்கு இரண்டு விளிம்புகள் இருந்தன.

இரவெல்லாம் பெய்த ஐப்பசி மழை விடிந்தும் ஓயாதிருந்த அந்தச் சனிக்கிழமைக் காலையில், எண்ணெய் முழுக்குக்கான சீயக்காய்க் கிண்ணத்தை ஏந்திக் குளியலறைக்குள் நுழைந்த சுகிர்தா, முகம் கழுவும் தொட்டியின் அருகிலேயே நின்றுவிட்டாள். அறையை இரு பகுதிகளாகப் பிரித்துக் கம்பியிலிருந்து தொங்கிய பால்நிறப் பிளாஸ்டிக் திரைக்கு அப்பால், ஷவரிலிருந்து வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. பின்சுவரின் சிறு சன்னல்வழியே வந்த சாம்பல் வெளிச்சம் அவளுடைய கணவனின் உருவத்தைத் திரையின்மீது படியவைத்தது: தலை, தோள், உயர்ந்த முழங்கை. ஒவ்வொன்றின் ஓரத்தையும் ஒட்டி, சற்றே வெளிறிய மற்றோர் ஓரம், ஒரு நூல் அளவுக்கு வலப்புறமாக விலகி நின்றது.

அவள் அஞ்சவில்லை, குறை கண்டாள். விருதுநகரில் தந்தையின் அச்சகத்தில், பதினான்கு வயதுமுதல் காலண்டர்த் தாள்களை லென்ஸ் வைத்துச் சோதித்துப் பழகிய கண்கள் அவளுடையவை. நான்கு வண்ணங்களில் ஒன்று மயிரிழை பிசகினாலும் ரோஜாவுக்கு இரண்டாவது இதழோரமும், தெய்வத்தின் உதட்டுக்கு மேல் இன்னோர் உதடும் முளைத்துவிடும். அவ்வாறு ரிஜிஸ்டர் என்னும் வண்ணப்பொருத்தம் விலகிய தாளைத் தயங்காமல் கழித்துப்போடுவதே அவளுக்குக் கற்பிக்கப்பட்ட தொழில். அந்தப் பழக்கத்தினால்தான், பிழை தாளில் இருக்கிறது என்றே, அதாவது திரையில் இருக்கிறது என்றே அவள் முடிவுசெய்தாள். நிழலை ஒருவரும் இரண்டு முறை அச்சடிப்பதில்லை என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அது கீர்த்திகா இருந்த காலத்துத் திரை.

கீர்த்திகா ராஜபாண்டியனின் முதல் மனைவி; இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐந்து நாள் காய்ச்சலில் இறந்துபோனவள். வைகாசியில் இந்தச் சிவகாசி வீட்டுக்கு இரண்டாம் மனைவியாக வந்த சுகிர்தா, இறந்தவளின்மீது தனக்கு எவ்விதக் காழ்ப்பும் இல்லையென்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தாள். அது பொய். வந்த முதல் மாதத்திலேயே கீர்த்திகாவின் தேநீர்க் கோப்பைகள் வெளியேறின; இரண்டாம் மாதத்தில் தலையணை உறைகளும், சமையலறை டப்பாக்களின்மீது சாய்வான கையெழுத்தில் ஒட்டப்பட்டிருந்த பெயர்ச்சீட்டுகளும் போயின. மிஞ்சியது அந்தத் திரைதான். அதன் அடிவிளிம்பில் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. ஈரத்துணியும் பழைய மஞ்சளும் கலந்த வாடை அதிலிருந்து வந்தது. சுகிர்தா மஞ்சள் பூசிக் குளிப்பவள் அல்லள்.

ஆனால், அவளை உறங்கவிடாமல் செய்தது திரையன்று, முதுகு. சனிக்கிழமைதோறும் கணவனின் முதுகில் நல்லெண்ணெயை வழிய வழியத் தேய்ப்பவள் அவள்தான். அவளுக்கு அனுமதி அதுவரைக்கும்தான். சீயக்காய் தேய்த்துவிட வருகிறேன் என்றால், வேண்டாமென்று சொல்லித் திரையை இழுத்து மூடிக்கொள்வான். அரைமணி நேரம் கழித்து அவன் வெளியே வரும்போது, தோள்பட்டைகளுக்கு நடுவே, அவனுடைய கை எட்டவே எட்டாத அந்தப் பள்ளத்தில்கூட எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது.

"முதுகை யாரு தேய்ச்சுவிட்டா?" என்று அன்று விளையாட்டுப்போலக் கேட்டாள்.

"நாந்தான். உள்ள வேற ஆளா இருக்கு?"

"கை அங்கன வரைக்கும் எட்டுதாக்கும்?"

"நாலு கலர் மெஷினை ஒத்தை ஆளா ஓட்டுனவன்டி நானு. எம் முதுகு எனக்கு எட்டாதா?"

ராஜபாண்டியன் சிரித்தான். அவனிடம் அரிதாகவே காணக்கிடைக்கும் சிரிப்பு. அது அவளுடைய முகத்தில் தங்காமல், அவளுடைய தோளைக் கடந்து, திரையின் பக்கம் சென்றது.

அடுத்த சனிக்கிழமை, விலகல் நான்கு விரற்கடையாகியிருந்தது.

அன்று நண்பகலில், அவன் தன் அச்சகத்துக்குப் போனபின், சுகிர்தா முறையாகச் சோதித்தாள். திரையின் சுருக்கங்களை நீவிவிட்டாள். வெளிச்சம் ஒரே சன்னலிலிருந்துதான் வருகிறது என்பதை உறுதிசெய்துகொண்டாள். திரைக்குப் பின்னால் தன் கையை நீட்டி, எட்டிப்பார்த்தாள். ஐந்து விரல்களின் நிழல்களும் கூர்மையாக, ஒற்றையாக விழுந்தன. ஆகவே, பிழை அவன் நிற்கும்போது மட்டுமே நேர்கிறது. இந்த முடிவு அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டு, மறுநாள் காலை உணவின்போது பேச்சை எடுத்தாள்.

"பாத்ரூம் திரையைக் கழட்டிட்டுக் கண்ணாடிக் கதவு போடுவோங்க."

"திரைக்கு என்ன கேடு? அழுக்கானா அலசிப் போடலாம். நம்ம ஊரு உப்புத் தண்ணிக்குக் கண்ணாடி ரெண்டே மாசத்துல பூத்துப்போகும்."

"திரை ஈரக் காலைச் சுத்துது. பூஞ்சை வேற. கண்ணாடின்னா துடைச்சாத் தீந்துச்சு."

"இது காலண்டர் சீசன். வீட்டுக்குள்ள ஆளை விட்டு இடிக்க நேரமில்ல." பிறகு, இட்லியைப் பிட்டபடி, தலையை உயர்த்தாமல் சொன்னான்: "அது அங்கனயே இருக்கட்டும், சுகிர்தா."

கெஞ்சும் குரல். அந்தக் குரலில் அவன் எதையும் அவளுக்காகக் கேட்டதில்லை. ஒரு பிளாஸ்டிக் துணிக்காகக் கேட்கிறான். சுகிர்தாவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று புகையின்றிப் பற்றிக்கொண்டது.

மூன்றாம் சனிக்கிழமை அவள் சீயக்காயைக் கொண்டுசெல்லவில்லை. வெறுங்கையுடனும் வெறுங்காலுடனும் ஓசையின்றி நுழைந்தாள். வெளியே மழை இரைந்தது. உள்ளே ஷவர் இரைந்தது. இரண்டும் ஒரே இரைச்சலாகிக் காதை அடைத்தன. மஞ்சளின் மணம் எழுந்தது. இம்முறை அது பழைய வாடையன்று. அப்போதுதான் கல்லில் உரைத்ததுபோன்ற பச்சை மணம். திரையில் இரண்டு நிழல்கள் நின்றன. ஒன்று தலை குனிந்திருந்தது. மற்றொன்று, ஒரு சாண் குட்டையாக, அதன் பின்னால் நின்று, உள்ளங்கையை அதன் முதுகில் வட்டவட்டமாகச் சுழற்றிக்கொண்டிருந்தது. அவசரமில்லாத கை. உரிமையுள்ள கை.

அச்சம் வருமுன் சினம் வந்தது. திரையைப் பற்றி இழுத்தாள். வளையங்கள் தெறித்தன.

உள்ளே ராஜபாண்டியன் தனியே நின்றான். அவனுக்குப் பின்னால், நீர் ஓடிக்கொண்டிருந்த தரையில், இரண்டு சிறிய பாதங்களின் அளவுக்கு மட்டும் ஓடு உலர்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர் அதன்மேல் பரவியது.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?" என்று கத்தினான். ஆயினும் அவன் அவளைப் பார்க்கவில்லை. அவனுடைய கண்கள் தரையில் எதையோ தேடின.

அன்று பிற்பகலே சுகிர்தா கண்ணாடி மாட்டும் பாண்டிச்செல்வத்தை வரவழைத்தாள். அவன் இரண்டு மாதிரித் துண்டுகளைத் தொட்டியின்மீது வைத்தான்.

"பனிக்கண்ணாடி போட்டிருவமாக்கா? உள்ள நிக்கிற ஆளு மங்கலாத்தான் தெரியும். மானம் மறைவா இருக்கும்."

"மங்கலாப் பாத்தது போதும். தெளிஞ்ச கண்ணாடியே போடுங்க. உள்ள யாரு நிக்கிறான்னு பளிச்சுனு தெரியணும்."

வீட்டு வேலைக்கு நாரணாபுரத்திலிருந்து வரும் சண்முகத்தாய், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். "புருசன் குளிக்கிறதைப் பாக்குறதுக்கு இம்புட்டு ஏற்பாடா, தாயி? எங்க வீட்டுல பழைய சேலைதான் தொங்குது. காத்தடிச்சா ஊரே பாத்துக்கிடும்."

பாண்டிச்செல்வமும் சிரித்தான். மாதிரிகளைப் பைக்குள் வைத்துவிட்டுக் கிளம்ப ஆயத்தமானான்.

"அளவு எடுக்கலையா?" என்று சுகிர்தா கேட்டாள்.

"இந்த வீட்டு அளவு எங்கிட்ட இருக்குக்கா. ரெண்டு வருசத்துக்கு முந்தியே எடுத்தேன். அப்பவும் தெளிஞ்ச கண்ணாடிதான் கேட்டாக. பெறகு ஆர்டர் வரவே இல்ல."

"யாரு கேட்டது?"

அதற்குச் சண்முகத்தாய்தான் விடைசொன்னாள். அவளுடைய முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "கீர்த்திகாம்மாதான். ஐயாவுக்குத் திரை போதும்னு இருந்துச்சு. அந்தம்மா காய்ச்சல்ல கெடந்தப்பவும் கண்ணாடி, கண்ணாடின்னு சொல்லிட்டே இருந்தாக."

சுகிர்தா தரையில் சுருண்டு கிடந்த திரையைப் பார்த்தாள். வேண்டாமென்று சொல்லிவிட அப்போதும் இயலும். சொன்னால், அந்தத் திரை மீண்டும் தொங்கும். மாட்டச் சொன்னாலோ, இறந்தவளின் விருப்பத்தைத் தன் கையாலேயே நிறைவேற்றியதாகும். இரண்டில் எது கீர்த்திகாவின் தோல்வி என்று எண்ணிப்பார்த்தாள். அவளுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைக்கட்டும் என்னும் எண்ணமே இறுதியில் வென்றது.

"மாட்டுங்க," என்றாள்.

நான்காம் சனிக்கிழமை, புதிய கண்ணாடிக் கதவின் முன் அவள் ஒளியாமல் நின்றாள். அவள் திரையை இழுத்த நாள்முதல் அவளுடன் அதிகம் பேசாத ராஜபாண்டியன், முதுகில் எண்ணெய் பளபளக்க உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவளுக்குப் புறங்காட்டி நின்றான். ஓர் ஆள். ஓர் உடல். பக்கத்தில் வெறும் சுவர், பின்னால் வெறும் தரை, மூலையில் வாளி, அவ்வளவே. ஒளிவதற்கு ஓர் அங்குல இடம்கூட இல்லாத அந்தக் கண்ணாடிப் பெட்டியை மேலிருந்து கீழ்வரை தன் சோதனைக் கண்ணால் அலசி முடித்தபோது, ஆறு மாதங்களாக மார்பில் அழுத்திக்கொண்டிருந்த பாரம் கழன்று விழுந்ததுபோல, அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது.

வெந்நீரின் ஆவி எழுந்தது. கண்ணாடி அடியிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. அவனுடைய முதுகில் சீயக்காய்க் குழம்பு பழுப்பாகப் படிந்திருந்தது.

அவன் இரண்டு கைகளையும் எதிர்ச்சுவரில் ஊன்றியிருந்தான்.

இரண்டு கைகளையும்.

முதுகில் படிந்த குழம்பின் நடுவே ஒரு வட்டம் திறந்தது. வெறும் தோல் தெரிந்தது. வட்டம் பெரிதாயிற்று. நான்கு விரல்களின் தடம் மெதுவாகக் கீழே இறங்கியது. மீண்டும் மேலே ஏறியது.

"இன்னும் கொஞ்சம் மேல," என்றான் ராஜபாண்டியன்.

சுகிர்தா இதுவரை கேட்டிராத குரல்.

அவள் கதவைத் திறந்தாள். கட்டியிருந்த சேலையோடு உள்ளே புகுந்தாள். தன் இரண்டு உள்ளங்கைகளையும் அந்த முதுகின்மீது அழுத்தினாள்.

"நான் தேய்க்கிறேன். நான்தான் தேய்க்கணும்."

அவன் திரும்பவில்லை. நீர் அவளுடைய தலையில் கொட்டியது. தோளில் கொட்டியது.

சேலை நனையவில்லை.

அவன் குழாயை மூடினான். திரும்பினான். அவள் நின்ற இடத்தின் வழியாகவே நடந்து, கதவைத் திறந்து, வெளியேறினான். கதவு சாத்திக்கொண்டது.

"துண்டை எடும்மா, சுகிர்தா."

"இந்தா எடுத்துட்டேங்க."

வெளியே பேசியது சுகிர்தாவின் குரல்.

உள்ளே சுகிர்தா கதவின் கைப்பிடியைப் பற்றப்போனாள். விரல்கள் அதில் படியவில்லை. ஆவி மெல்ல வடிந்து, கண்ணாடி மேலிருந்து தெளிந்தது. தொட்டியருகே, சுகிர்தா உடுத்தியிருந்த அதே நீலச் சேலையில், அவனைவிட ஒரு சாண் குட்டையான ஒருத்தி நின்றாள். அவன் முதுகைக் காட்டினான். அவள் துடைத்தாள். அவன் தலையைத் தாழ்த்தினான். அவள் துவட்டினாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுடைய முகத்திலேயே தங்கியது.

அவன் படுக்கையறைக்குப் போனான்.

வெளியே நின்றவள் கண்ணாடியை நோக்கி வந்தாள். மிக அருகில் நின்றாள். மஞ்சள் பூசிய முகம்; சுகிர்தாவுடையதன்று. அவள் உள்ளே பார்க்கவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைப் பார்ப்பதுபோல, கண்ணாடியையே பார்த்தாள். காதோரத்து முடியை ஒதுக்கினாள். விரல்நுனியில் குங்குமம் எடுத்தாள்.

சுகிர்தா அலறினாள். வெளியே நின்றவளின் உதடுகள் மூடியிருந்தன. ஆகவே, சுகிர்தாவின் உதடுகளும் மூடியிருந்தன.

வெளியே வலக்கை நெற்றிக்கு உயர்ந்தது.

உள்ளே, ஏவாமலே, சுகிர்தாவின் இடக்கையும் உயர்ந்தது.