படிவத்தில் காயாத பெயர்

ஜெர்மனியின் எசன் நகரில் உள்ள எங்கள் தியாகிகள் குடும்ப ஒன்றியத்தின் கிளைக்கு முப்பது வயது. வரலாற்று மலரைத் தமிழிலும் ஜெர்மனிலும் எழுத வேறு ஆளில்லாததால் என்னைக் கூப்பிட்டார்கள். ஞாயிறு பிற்பகல், தலைவர் இராசலிங்கம் அண்ணை மண்டபத்தின் அடித்தள அறையான கெல்லரின் கதவைத் திறந்துவிட்டார். சுவரோரம் கோப்புகள். ஈரச் சீமெந்தின் மணம். மேலே குழாய்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றியத்தில் சேரப் படிவம் நிரப்ப வேண்டும். மண்ணுக்காக இறந்தவரின் பெயர், உறவுமுறை, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. அம்மா கமலநாயகிதான் அதைத் தன் குசினி மேசையில் எழுதி இந்தக் கிளையைத் தொடங்கினார். முதல் படிவம் என் அப்பா தவபாலனுக்கு. பதினொரு ஆண்டுகள் கழித்து ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பாவைச் சுட்டது இராணுவம் அல்ல, எங்கள் இயக்கத்து ஆட்களே, துரோகி என்று பட்டம் கட்டி. அன்றே பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டினார்கள். அடுத்த கூட்டத்துக்கு வந்த அம்மாவை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். போன மாசியில் அவர் இறந்தார்.

நான் வந்ததே அந்தப் பெயரை மீண்டும் எழுதத்தான்.

"அண்ணை, அம்மாதான் தொடங்கினவ எண்டு முதல் பக்கத்தில போடுறன். அப்பான்ர பேரும் வரும்."

"ஏலாது, சுபானி. கொம்மா சமைச்சவ எண்டு போடு. அவ்வளவு காணும்."

"சமைச்சவவோ? உங்களுக்கு விசா இல்லாத காலத்தில ஆரின்ர வீட்டில கூட்டம் வைச்சனீங்கள்?"

"கத்தாதை. துரோகியின்ர பேர் இந்தக் கட்டிடத்துக்குள்ள வராது."

பல்லைக் கடித்தபடி முதல் கோப்பை இழுத்துத் திறந்தேன்.

சிவப்புக் கோடு இல்லை.

தவபாலன் என்ற பெயர் மட்டும். மை விரலில் ஒட்டியது.

அடுத்தது றீற்றா அக்காவின் படிவம். இறந்தது அவருடைய மகன். மகனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தவபாலன். அதற்கடுத்த படிவத்திலும். அதற்கடுத்ததிலும்.

குழாய்களில் தண்ணீர் நின்றுபோயிருந்தது.

பேனை தாளில் உராயும் சத்தம் கேட்டது. மூடிக் கிடந்த கோப்புகளுக்குள்ளிருந்து.

"என்ர கோப்பைத் தா," என்றார் அண்ணை. அவருடைய தம்பி குகநேசனின் படிவம். பார்த்தார். பேனையை எடுத்து வெட்டினார். மறுபடி வெட்டினார். தாள் கிழிந்தது. அதன் கீழிருந்த தாளிலும் அதே பெயர்.

"இது பிழை. என்ர தம்பியின்ர பேர்..." வாய் திறந்தபடி நின்றது.

"சொல்லுங்கோ."

"தவபாலன்," என்றார். பிறகு, மூச்சுக் குரலில்: "வேறை வரேல்லை, பிள்ளை."

பத்தொன்பது வருடக் கோபம் எனக்குள் இருந்தது. அந்த அறையில் இருந்த கோபம் அதைவிடப் பழையது.

அடுத்த வாரம் நினைவு நாள். குடும்பம் குடும்பமாக வந்து விளக்கேற்றி, தங்கள் ஆளின் பெயரை மைக்கில் சொல்வது எங்கள் வழக்கம். றீற்றா அக்கா முதலில் வந்தார். மகனின் படத்தைத் தடவினார். "தவபாலன்," என்றார். சொன்ன பிறகுதான் அழுதார். அடுத்தவரும் அதையே சொன்னார். அடுத்தவரும். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

இராசலிங்கம் அண்ணை ஓடிப்போய் மைக்கின் வயரைப் பிடுங்கினார்.

மேடை வெறுமையாக இருந்தது.

ஒலிபெருக்கியில் ஓர் ஆண்குரல், அவசரமே இல்லாமல், "அடுத்த குடும்பம் வரலாம்," என்றது.

பின்வரிசையில் ஒரு குடும்பத்தார் நான்கு பேர் எழுந்து மேடையை நோக்கி நடந்தார்கள்.