முனவ்வறாவின் இரத்தம்

அஸர் தொழுகைக்கு வுழு எடுக்கக் கைகால் கழுவும்போதுதான் நஸீம் அதைக் கவனித்தான். தண்ணீர் வழிந்த இடக்கையில் அதிர்வு இல்லை.

சிறுநீரகங்கள் பழுதாகி, இரத்தம் சுத்திகரிப்பதற்காக மூன்று மாதத்துக்கு முன் அந்தக் கையில் நாடியையும் நாளத்தையும் வெட்டி இணைத்திருந்தார்கள். அன்றிலிருந்து மணிக்கட்டுக்கு மேலே, தோலுக்கடியில் வண்டு அடைபட்டதுபோல் ஓயாமல் ஓர் இரைச்சல். அது நின்றால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள்.

போன கிழமை டொக்டர் கிசோக் ஸ்கேனைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "வெட்டின இடத்தில ரெத்தக் குழாய்ச் சுவர் கொஞ்சம் தடிக்கும். உங்களுக்கு நிக்காமத் தடிச்சிக்கொண்டு போகுது. சில பேருக்கு அது பரம்பரையில வாறது. கூடப்பிறந்த ஆருக்கும் இப்பிடி இருந்ததா?"

"இல்ல டொக்டர்."

தங்கை முனவ்வறாவுக்கு இருந்தது; அவள் கையிலும் இதே வெட்டு. பிள்ளையில்லாத விதவை; விரல்களில் எப்போதும் மருதோன்றி. சாய்ந்தமருதுக் கடற்கரையில், வாப்பா சீதனமாய்க் கொடுத்த இந்த வீட்டில் தனியாக இருந்தாள். போன வருடம் ஒரு பகலில் அண்ணனுக்குப் போன் எடுத்தாள். "காக்கா, கையில சத்தம் நிண்டுட்டு. ஒருக்கா வேனக் கொண்டு வாங்களன்."

"ஓம், வாறன்," என்றவன் போகவில்லை. அவள் மவுத்தானால் வீடு அவனுக்கு. அடுத்த நாளும் அதையே சொன்னான். காக்கா வருவார் என்று நம்பி அவள் வேறு யாரையும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஒன்றுதான் கேட்டாள்: "ஒரே ரெத்தம்தானே காக்கா?"

நாலாம் நாள் ஜனாஸா அடக்கம்.

நஸீம் கையைக் காதோடு சேர்த்துப் பிடித்தான். மனைவி ஸுஹைறா மருதமுனையில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தாள். வெளியே கடல் மட்டும் அடித்துக்கொண்டிருக்க, கையிலிருந்து மெல்ல ஒரு வாசனை எழுந்து, குளியலறை முழுக்கப் பரவி, தொண்டைக்குள் இறங்கியது. கற்பூரம். அடக்கத்துக்கு முன் மையித்தைக் குளிப்பாட்டும் தண்ணீரின் வாசனை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தான். போகவில்லை. அது தோலுக்குள்ளிருந்து வந்தது.

வெட்டுத் தழும்பின் கீழே நாளம் புடைத்தது. கயிறு மாதிரி இறுகியது. பிறகு பிரிந்தது. இரண்டாக. மூன்றாக.

ஐந்தாக.

தோலுக்கடியில் ஐந்து விரல்கள். அவை மடங்கின. எலும்பைப் பற்றிக்கொண்டன. முழங்கைக்கு ஏறின.

"முனவ்வறா, மாப்புத் தா புள்ள!"

விரல்கள் நிற்கவில்லை. தோளைக் கடந்தன.

ஈரக்காலோடு வாசலுக்கு ஓடினான். எதிர்வீட்டு முகம்மது தம்பி கேற்றடியில் நின்றார்.

"வேனை எடுங்க! ஆசுபத்திரிக்கு!" என்று கத்த வாய் திறந்தான். குரல் வரவில்லை.

முகம்மது தம்பி ஓரடி முன்னால் வந்தார். சட்டென்று நின்றார். அவர் கண்கள் நஸீமின் கழுத்திலேயே நிலைத்தன.

"யா அல்லாஹ்," என்றார். பின்னால் நகர்ந்தார்.

வெயிலில், நஸீமின் தொண்டைத் தோலுக்குக் கீழே, மருதோன்றி வைத்த பெண்விரல்கள் ஐந்தும் ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டிருந்தன.