உள்பக்கக் கைப்பிடி

நடுப்பகல் வெயிலில் தகரக் கொட்டகை அடுப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்குள் நின்ற டிராக்டரின் கேபின் கண்ணாடிகள், யாரோ மூச்சுவிட்டாற்போல் பனித்திருந்தன. அதுவும் உள்பக்கமாக. மூன்று மாதமாக வண்டியை யாரும் தொடவில்லை என்று விற்பவர் இப்போதுதான் சொல்லியிருந்தார்.

"மூணு மாசமா சும்மா நின்னு இதுக்கே ஜலதோஷம் புடிச்சிருச்சு போல, தங்கச்சி" என்றார் கூட வந்த மெக்கானிக். அவரை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவள் சிரித்துவைத்தாள். பழைய டிராக்டர்களை வாங்கி, பழுது பார்த்து, லாபம் வைத்து விற்பதுதான் ஒன்பது வருடமாக அவள் பிழைப்பு. ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரைத் திருப்பி வைக்கலாம், பெயிண்ட் அடித்து மறைக்கலாம், தேய்மானத்தை மட்டும் யாராலும் ஒளிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"இத யார் சார் ஓட்டுனது?"

விற்பவர் ஓய்வுபெற்ற வாத்தியார். கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தார். நிழலுக்குள் ஓரடி கூட எடுத்து வைக்கவில்லை. "என் தம்பிம்மா. ஒரே ஒரு பருவம் ஓட்டுனான். அப்புறம் ஆளே மாறிட்டான். எந்த விலைக்காவது தள்ளிடுங்கறான்."

அப்படிப்பட்ட தம்பிகள் இருப்பதால்தான் அவளுக்குச் சோறு. என்ஜின் நம்பரைப் படம் எடுக்கச் சொல்லித் தன் போனை ஸ்பேனரிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"கதவச் சாத்திட்டுப் பாருங்கம்மா, அப்பதான் ஏசி தெரியும்" என்று வாத்தியார் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

சாத்தினாள். ரப்பர் ஓரம் உதடு ஒட்டுவதுபோல் மெல்லிய சத்தத்துடன் மூடிக்கொண்டது. டீசல், கிரீஸ், வெயிலில் வெந்த சீட்டுப் பஞ்சு ஆகியவற்றின் வாடைகளுக்கு அடியில், இரவெல்லாம் வாய்மூடித் தூங்கி எழுந்தவர் வாயிலிருந்து வருவதைப் போன்ற ஒரு வெதுவெதுப்பான நாற்றம் அவள் முகத்தில் வந்து படிந்தது. மீட்டரில் அறுநூற்றுப் பன்னிரண்டு மணி. கிளட்ச் பெடலின் ரப்பர் கோடுகள் புதிதாகவே இருந்தன. ஸ்டியரிங்கும் அப்படித்தான். எல்லாம் ஒத்துப்போயிற்று.

கதவின் கைப்பிடி மட்டும் ஒத்துப்போகவில்லை. வெளியே கருப்புப் பெயிண்ட் கீறலில்லாமல் இருந்ததை ஏறும்போதே பார்த்திருந்தாள். உள்ளே அது வெள்ளியாகத் தேய்ந்து, நடுவில் மெலிந்து, முப்பது வருடம் பிடித்த மண்வெட்டிக் காம்புபோல் குழிந்திருந்தது. கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்திருந்தது. ஒரு பிளவில் பாதி நகம் செருகிக்கொண்டிருந்தது.

கைப்பிடியை அழுத்தினாள். அசையவில்லை.

"அண்ணே, கதவு மாட்டிக்கிச்சு. வெளிய இருந்து இழுங்க."

கீழே ஸ்பேனர் இருமுவதும், அவர் செருப்பு சரளையில் உரசுவதும் காதருகே கேட்பதுபோல் தெளிவாகக் கேட்டன. அவர் நிமிரவில்லை. கண்ணாடியைத் தட்டினாள். உள்ளங்கையால் அறைந்தாள். இரண்டடி தூரத்தில் அவர் பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பனி கெட்டியாகிக்கொண்டே வந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த இடத்தில் வட்டமாக ஒரு மூச்சு படிந்தது. அவளுடையது. அதன் பக்கத்தில், தோள் உயரத்தில், இன்னொரு வட்டம்.

மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அந்த வட்டம் சுருங்கியது. பெரிதானது. சுருங்கியது.

சீட்டுக்குப் பின்னால் ஒரு சாண் இடம்தான். ஆள் நிற்க முடியாது. பிடரி முடி அசைந்தது. திரும்பாதே. திரும்பவே கூடாது. கைப்பிடி. இரண்டு கையாலும். முழு பலத்தோடு.

கைப்பிடி இறங்கியது. கதவு திறந்தது. வெளிச்சம்.

அவள் இறங்கினாள்.

இறங்குவதை அவள் பார்த்தாள். சீட்டில் உட்கார்ந்தபடியே. தன் முதுகை, தன் பின்னலை, முழங்கையில் இருந்த பழைய சூட்டுத் தழும்பை. அந்தக் கை கதவை மெதுவாகச் சாத்தியது.

"என்ன தங்கச்சி, வேர்த்துக் கொட்டுது? ஏசி வேலை செய்யலியா?"

"சூப்பரா இருக்குண்ணே" என்றது அவளுடைய குரல். "ஆனா நமக்கு இது வேணாம். வேற யாராவது வரட்டும்."

வாசலில் வாத்தியார் தலை குனிந்துகொண்டார்.

உள்ளே அவள் கத்தினாள். கண்ணாடியைக் குத்தினாள், உதைத்தாள். ஸ்பேனர் ஒருமுறை திரும்பி கேபினைப் பார்த்தார். அவர் கண்கள் அவளை ஊடுருவி, அவளுக்குப் பின்னாலிருந்த தகரச் சுவரில் போய் நின்றன.

போன் அடித்தது. "பாப்பா வீடியோ கால்ல கூப்பிடுது" என்று நீட்டினார்.

கீழே நின்றவள் அதை வாங்கினாள். கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு திரையைத் தொட்டாள்.

"அம்மா, எங்க இருக்க?"

"வண்டி பாக்க வந்தேன்டா தங்கம். இந்தா, நீயும் பாரு."

போன் கேபினை நோக்கித் திரும்பியது. திரையில் ஏழு வயது முகம், முன்பல் விழுந்த சிரிப்பு. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்து மகளின் பெயரைச் சொல்லி அலறினாள். குழந்தை கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்தது.

"உள்ள காலியா இருக்கும்மா. சீக்கிரம் வீட்டுக்கு வா, பயமா இருக்கு."

"இதோ கிளம்பிட்டேன். இன்னைக்கு உன்கூடவே படுத்துக்கறேன்."

திரையிலிருந்த குழந்தையின் கன்னத்தை அந்த விரல்கள் மெதுவாக, ஆசையாக, மேலும் கீழும் தடவிக்கொண்டே இருந்தன.